டோக்கியோவில் வீடு தேடப்போகும் பிள்ளைக்கு

கண்ணு,

டோக்கியோவில் வேலை உறுதியாகிவிட்டது, எந்தப் பக்கம் வீடு பார்க்கட்டும் சொல்லுங்கள் பெரியப்பா என்று கேட்டிருந்தாய். 'நிஷி கசாய்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது. அங்கே நம் ஊர் மளிகை கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், பிள்ளைகளுக்குச் சிபிஎஸ்இ பள்ளி உண்டு. போய் வந்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள். நான் அங்கேயும் இருந்தேன். அதை விட்டு விலகி, தமிழே காதில் விழாத தெருவிலும் இருந்தேன். வாடகையையும் ரயில் நேரத்தையும் உன் கைப்பேசியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு தெரு தன்னிடம் குடிவருகிறவரிடம் என்ன எதிர்பார்க்கும், அதைக் கொடுக்க உனக்கு மனம் இருக்கிறதா என்பது அதில் வராது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

1. இறங்கிய வாரத்திலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. அங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு. உள்ளே நுழையும்போதே பணம் கரையும். காலி செய்யும்போது திரும்ப வரவேண்டிய ஷிகிகின் ஒன்று, வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டிய ரெய்கின் ஒன்று, தரகருக்கு ஒரு மாத வாடகை வரை, உனக்காக உத்தரவாதம் சொல்லும் நிறுவனத்துக்குக் கட்டணம், தீ காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, இவற்றோடு முதல் மாத வாடகை. கூட்டிப் பார்த்தால் நான்கைந்து மாத வாடகை கையை விட்டுப் போயிருக்கும். இரண்டு ஆண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது பல வீடுகளில் இன்னொரு மாத வாடகை கேட்பார்கள். இவ்வளவு கொட்டிக் கொடுத்த இடம் பிடிக்காமல் போனாலும் மனம் அதை ஒப்புக்கொள்ளாது. நல்ல இடம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும். நிறுவனம் தரும் தங்குமிடத்திலோ மாத வாடகை அறையிலோ சில வாரம் இருந்து பார். அவசரமாக எடுத்த வீட்டில் ஆற அமர வருத்தப்படலாம் என்பார் என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர்.

2. ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டைத் திங்கட்கிழமை காலை மறுபடி போய்ப் பார். விளம்பரத்தில் 'நிலையத்திலிருந்து நடந்து 8 நிமிடம்' என்று போட்டிருக்கும். ஒரு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது அங்கே தரகர்களுக்கான விதி. அந்தக் கணக்கில் சிக்னலில் நிற்கும் நேரம் கிடையாது, மேடு கிடையாது, கையில் அரிசி மூட்டை கிடையாது, நடுவழியில் உட்கார்ந்துகொள்ளும் மூன்று வயதுக் குழந்தையும் கிடையாது. உன் காலால் நட. மழை பெய்கிற இரவில் ஒருமுறை நட.

ரயிலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நிஷி கசாயிலிருந்து தோசாய் தடத்தில் ஏறினால் வங்கிகளும் அலுவலகங்களும் குவிந்திருக்கும் ஓதேமாச்சிக்குக் கால் மணி நேரம்தான். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கொரோனாவுக்கு முன்பு அந்தத் தடத்தில் கிபாவுக்கும் மோன்சென்நகாச்சோவுக்கும் இடையில் காலை நெரிசல் 199 சதவீதம். நூறு பேருக்கான இடத்தில் ஏறக்குறைய இருநூறு பேர். டோக்கியோவிலேயே மோசமான நெரிசல் என்று பெயரெடுத்த தடம் அது. தினமும் அதில் மூச்சடக்கி நின்று வருகிறவன் ராத்திரி வீட்டில் யார்மேலாவது எரிந்து விழுவான். எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்துக்கு வாடகைக் கணக்கில் எங்கும் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் கூடுதலானாலும் உட்கார்ந்து போகிற தடம் கிடைத்தால் அதையும் யோசி.

3. 'வெளிநாட்டவருக்கு வீடு இல்லை' என்று சொல்வார்கள். தயாராக இரு. ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் வெளிநாட்டவரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடியவர்களில் ஏறத்தாழ 39 சதவீதம் பேர், தாங்கள் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். தரகர் உன் எதிரிலேயே வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் பேசுவார். 'இந்தியர், நல்ல கம்பெனி' என்பார். பிறகு தலை குனிந்து, ஒன்றுமில்லாத தொலைபேசிக்கு வணக்கம் வைத்துவிட்டு உன்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் இரண்டு படுகுழிகள் உண்டு. ஒன்று, இந்த ஊரே இப்படித்தான் என்று மனத்துக்குள் கதவைச் சாத்திக்கொள்வது. இன்னொன்று, கிடைத்ததே போதும் என்று இருட்டறைக்கு நன்றி சொல்லிக் குடிபோவது. இரண்டாவதில் விழுந்தவர்கள்தான் அதிகம். மறுப்பு நியாயமானது அல்ல; அதற்காக நீ உன் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. யூஆர் என்று அரசு சார்ந்த குடியிருப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ரெய்கின் கிடையாது, தரகு கிடையாது, உத்தரவாதம் சொல்ல ஆள் வேண்டாம், புதுப்பிக்கும் கட்டணமும் கிடையாது. சம்பளச் சான்றும் வசிப்பதற்கான விசாவும் சரியாக இருந்தால் முதலில் வந்தவருக்கு வீடு. கட்டடங்கள் பழசாக இருக்கும், சமையலறை அழகாக இருக்காது. ஆனால் உன் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தமாட்டார்கள்.

4. நம்மவர்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதில் வெட்கப்படாதே. அங்கேயே முழுகிப் போகவும் செய்யாதே.

நிஷி கசாய் எப்படி இந்தியர்களின் இடமானது என்பது தெரிந்தால் நான் சொல்வது புரியும். அந்த ரயில் நிலையம் திறந்ததே 1979இல்தான். கடலோரத்தை மேடாக்கி, வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் எழுப்பிக்கொண்டிருந்த காலம். ஜக்மோகன் சந்திராணி என்ற தேயிலை வணிகர் ஏறத்தாழ அப்போதுதான் அங்கே குடியேறினார். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்காக இந்தியாவிலிருந்து பொறியாளர்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்தபோது, வீடும் கிடைக்காமல் சைவச் சாப்பாடும் கிடைக்காமல் தவித்தவர்களுக்குத் துணை நின்றவர்களில் அவர் முக்கியமானவர். ஓதேமாச்சிக்கு நேர் ரயில், உத்தரவாதம் கேட்காத யூஆர் வீடுகள், சாப்பாட்டுக்கு ஆள். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த இடம் வளர்ந்தது. 2019இல், நிஷி கசாய் அடங்கிய எடோகவா வட்டாரத்தின் மன்றத் தேர்தலில் இந்தியாவில் பிறந்த புராணிக் யோகேந்திரா வென்றார். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

அந்தச் சுற்றத்தின் அருமை குழந்தை பிறந்த வீட்டில் தெரியும். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பு ஒரு வீட்டிலிருந்தும் அங்காயப்பொடி இன்னொரு வீட்டிலிருந்தும் வந்து நிற்கும். அதற்கு விலை கிடையாது. ஆனால் அதே கூட்டத்தில் உன் சம்பளம் எவ்வளவு, எந்தக் கம்பெனி, நிரந்தர வசிப்புரிமைக்கு மனு போட்டாயா என்று வாரந்தோறும் அளந்து பார்ப்பார்கள். உன் வீடு யூஆரா, சொந்தமா என்று பூங்கா பெஞ்சில் தராசு ஆடும். பத்தாண்டுக்கு மேல் அங்கே இருந்த ஓர் அம்மாவைத் தெரியும், நல்ல மனசு. அடுத்த கதவு ஜப்பானியக் கிழவியின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்தக் கிழவி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போனதும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. எனக்கு அது இன்னமும் உறுத்துகிறது.

எந்தத் தெருவில் இருந்தாலும் உன் மாடியில் இருக்கும் ஜப்பானியர்களில் இரண்டு பேராவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கு மனமிருந்தால் நிஷி கசாயில் இரு. நம்மவர் இருந்தால் மற்றவர் தேவையில்லை என்று நினைக்கும் சுபாவம் உனக்கு இருந்தால், சற்றுத் தள்ளி வீடு பார். கடைக்கு வாரம் ஒருமுறை ரயிலேறி வந்தால் போதும்.

5. பகலில் வீட்டில் இருக்கப் போகிறவரைக் கேட்காமல் தேர்ந்தெடுக்காதே. நீ காலையில் போய் ராத்திரி வருவாய். அந்தப் பகுதியில் வாழப் போவது உன் துணைதான். நம் ஆண்கள் அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்துத்தான் வீடு எடுக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவள் நான்கு சுவருக்குள் மொழி தெரியாமல், வெயில் வராத சன்னலைப் பார்த்துக்கொண்டு, மாலைக்குள் வாடிப்போகிறாள். துணை விசாவில் வந்தவர் அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நடக்கும் தூரத்தில் ஒரு வேலையோ, ஜப்பானிய மொழி வகுப்போ, குழந்தையோடு போய் உட்கார ஒரு பூங்காவோ இருக்கிறதா என்று பார். கீரைக்கட்டு வாங்கப் போனால் நாலு வார்த்தை பேசுகிற கடைக்காரர் இருக்கிற தெரு, பெரிய அங்காடியைவிட மேலானது. நிஷி கசாய் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கியோசென் பூங்காவில் கட்டணமில்லாத சின்ன விலங்குக்காட்சிச்சாலை இருக்கிறது. எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கு ஜப்பானில் முதல் தோழி அங்கேதான் கிடைத்தாள், குழந்தைகளின் கைப்பிடி வழியாக.

6. மண்ணைக் கேள். வாடகை சொல்லும் தரகர் அதைத் தானாகச் சொல்லமாட்டார்.

எடோகவா வட்டாரம் அரகவா, எடோகவா என்ற இரண்டு ஆறுகளும் கடலில் சேரும் இடம். பல காலம் நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்ததில் தரை தாழ்ந்து, உயர் அலை நேரத்தில் வட்டாரத்தின் ஏறத்தாழ 70 சதவீத நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1947இல் கேத்லீன் புயலில் கரை உடைந்து அந்தப் பக்கமெல்லாம் முழுகியது. 2019 மே மாதம் வட்டார அலுவலகம் வீடுதோறும் ஒரு வெள்ள அபாய வரைபடம் கொடுத்தது. அதன் அட்டையில், அந்த வட்டாரத்தின் படத்தின் மேலேயே, 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சிட்டிருந்தார்கள். தன் ஊர் மக்களிடம் இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் ஓர் அரசு அலுவலகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தது. எடோகவாவில் மட்டும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். நல்லவேளையாக அரகவாவின் கரை தாங்கிக்கொண்டது.

உடனே அங்கே போகவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதே. சென்னையில் 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்டது உனக்குத் தெரியும். அங்கே இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். போகிறவன் தெரிந்து போக வேண்டும். நான்காம் மாடியா, தரைத்தளமா? தண்ணீர் வந்தால் எந்தத் திசையில் போகவேண்டும், யார் வீட்டுக்கு? கடலை மூடி மேடாக்கிய தெற்குப் பகுதி சில இடங்களில் பழைய ஊரைவிட உயரம். அதற்காக நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. 2011 நிலநடுக்கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உராயாசுவில், அப்படி மூடிய நிலம் குழைந்து, வீடுகள் சாய்ந்து, சாலைகள் பிளந்தன. எந்த மண்ணுக்கும் அதனதன் குறை உண்டு.

கட்டடத்துக்கு ஒரு தேதி கேள். 1981 ஜூன் 1ஆம் தேதி முதல் நிலநடுக்கத்துக்கான புதிய கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. வீடு கட்டி முடித்த தேதியைச் சொல்வார்கள், அது போதாது. கட்ட அனுமதி கிடைத்த தேதி அதற்குப் பிறகா என்று கேள். 1982இல் முடிந்த கட்டடம் பழைய விதிப்படி இருக்கலாம்.

இன்னொன்றும் செய். வேலை செய்யும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஒருமுறை நடந்தே போ. 2011 மார்ச் 11 மதியம் ரயிலெல்லாம் நின்றபோது ஓதேமாச்சியிலிருந்து ஒரு பெருங்கூட்டம் கிழக்கே நடந்தது. நானும் அதில் ஒருவன். அதுவரை பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே போய்வந்ததால் மேலே எந்தத் தெரு எங்கே போகிறது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னால் நடந்த ஜப்பானியர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். அரகவாவின் பாலத்தில் காற்று அடித்தது. கடைக்காரர்கள் கழிப்பறையைத் திறந்துவிட்டிருந்தார்கள், ஒருவரும் முண்டியடிக்கவில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஆறு இருக்கிறதா, பாலம் எது என்று தெரிந்துகொள்ளாமல் வீடு எடுக்கக்கூடாது என்று அந்த ராத்திரி தெரிந்துகொண்டோம்.

7. மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முன்பு அங்கே தற்கொலையோ கொலையோ நடந்திருந்தால் வாடகை வீட்டில் ஏறத்தாழ மூன்று ஆண்டு வரை அதைச் சொல்ல வேண்டும் என்று 2021இல் அரசு வழிகாட்டுதலே வந்திருக்கிறது. உனக்கு அதில் பயமில்லை என்றால் தாராளமாக எடு. உன் துணைக்குப் பயம் இருந்தால், வாடகையில் மிச்சப்படுத்தியதை விளக்கெரிக்கும் மின்கட்டணத்தில் கொடுப்பாய்.

8. உன் வீட்டுச் சத்தமும் வாசனையும் எவ்வளவு தூரம் போகும் என்று முன்னாலேயே யோசி. அங்கே அபாட்டோ என்பது பெரும்பாலும் மரத்தாலோ மெல்லிய இரும்பாலோ கட்டிய இரண்டு மாடி வீடு. வாடகை குறைவு, சுவரும் மெல்லிசு. மான்ஷன் என்பது கான்கிரீட் கட்டடம். நம் வீட்டுக் காலை எப்படித் தொடங்குகிறது? மிக்ஸி, குக்கர் விசில், குளியலறைப் பாட்டு, ஊருக்குப் போட்ட தொலைபேசியில் உரத்த பேச்சு. இதெல்லாம் நமக்கு வாழ்க்கை. கீழ்வீட்டில் இரவு வேலை முடித்துத் தூங்கப்போன மனிதருக்கு இடி. அதற்காகச் சட்னி அரைக்காமல் இருக்க முடியுமா? முடியாது. மிக்ஸிக்குக் கீழே தடித்த துணி போடு, ஏழு மணிக்குமுன் அரைக்காதே, குழந்தை குதிக்கும் இடத்தில் மெத்தை விரி. பிள்ளைகள் இருந்தால் தரைத்தளமோ கான்கிரீட்டோ பார். வெள்ள வரைபடத்தோடு இது முட்டும். எதற்கு அதிகம் அஞ்சுகிறாய் என்று நீதான் முடிவெடுக்க வேண்டும்.

தாளிக்கும் புகை நடைவழிக்குத்தான் போகும். பல வீடுகளில் சமையலறைக் காற்றாடி அந்தப் பக்கம்தான் ஊதுகிறது. வீடு பார்க்கும்போதே அது எங்கே திறக்கிறது என்று நிமிர்ந்து பார். சுவர்த்தாளின் மதிப்பு 6 ஆண்டில் தேய்ந்துவிடும் என்று வைத்துத்தான் அரசு வழிகாட்டுதல் கணக்குப் போடுகிறது. சாதாரணமாக வாழ்ந்து மங்கியதற்கு நீ பணம் கட்ட வேண்டியதில்லை. துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் உன் கணக்கு. குடிபோகிற அன்றே சுவர் சுவராகப் படம் எடுத்துவை.

9. ஒரு தெருவைப் பற்றித் தெரிய வேண்டுமானால் குப்பை எடுக்கும் காலையில் போய் நில். வலை ஒழுங்காக மூடியிருக்கிறதா, காக்கை கிளறியிருக்கிறதா, எடுக்காமல் விட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டிய பைகள் எத்தனை? அந்தத் தெருவில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். தரகர் காட்டும் புகைப்படத்தில் குப்பை வைக்கும் மூலை வராது.

அங்கே வெளிநாட்டவர்மேல் வரும் கசப்பில் பாதி அந்த மூலையிலிருந்துதான் தொடங்குகிறது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு ஒரு நாள், பாட்டில், தாள், பிளாஸ்டிக் என்று தனித்தனி. முந்தின ராத்திரியே வைக்கக் கூடாது, காலை எட்டுக்குள் வைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்துவந்தது. ஒரு புகாரும் வரவில்லை. ஜப்பானியர்கள் ரொம்பப் பெருந்தன்மையானவர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் மாடியில் இருந்த வயதான அம்மா ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பையை அவிழ்த்துப் பிரித்துத் திரும்பக் கட்டி வைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் காலி செய்து போனபின் அதே வீட்டுக்கு வந்து கேட்ட அடுத்த இந்தியருக்கு வீடு இல்லை என்றார்கள். அந்த அம்மா மறுக்கவில்லை, வீட்டுக்காரர்தான். அந்தப் புது ஆளுக்குக் கடைசி வரை காரணம் தெரியாது. உனக்குக் கிடைக்கும் கதவு உனக்குமுன் இருந்தவன் திறந்துவைத்தது அல்லது சாத்திவிட்டுப் போனது. உனக்குப் பின்னால் ஒருவன் வருவான் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

10. குடிபோன இரண்டு நாளுக்குள் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய்த் தலை வணங்கிவிட்டு வா. கையில் ஒரு துண்டோ, ஒரு சின்ன இனிப்புப் பெட்டியோ போதும். விலையுயர்ந்தது வேண்டாம், வாங்கினவருக்குத் திருப்பித் தர வேண்டிய பாரம் ஏறும். உன் மொழி தடுமாறும், தடுமாறட்டும். குழந்தை இருந்தால் கூட்டிப் போய், 'சத்தம் போடுவான், மன்னியுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடு. முகம் தெரிந்த குழந்தையின் சத்தம் பாதியாகத்தான் கேட்கும். இப்போது டோக்கியோவில் பல ஜப்பானியரே இதை விட்டுவிட்டார்கள், தனியாக வாழும் பெண்கள் கதவைத் திறக்கவும் தயங்குவார்கள். திறக்காவிட்டால் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வா.

சோனாய்கை என்று குடியிருப்போர் சங்கம் இருக்கும். மாதம் சில நூறு யென் சந்தா. திருவிழா, தெருப் பெருக்கல், நிலநடுக்கப் பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. சேரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, நீ சேர். ஓர் ஆண்டில் உன் முறை வரும், அறிவிப்புத் தாளை வீடுவீடாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நம் ஆட்கள் அதைத் தொந்தரவு என்று ஒதுங்குவார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் பக்கத்து வீட்டார் கதவைத் திறப்பார்கள்.

11. பள்ளிக்கூடம் என்று வரும்போது, முதலில் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறாய் என்று நீயும் உன் துணையும் உண்மையாகப் பேசிக்கொள்ளுங்கள். 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்த வீடுகளில்தான் பிள்ளைகள் அல்லாடினார்கள். கோதோ வட்டாரத்தில் 2004இலும் எடோகவாவில் 2006இலும் இந்தியப் பள்ளிகள் வந்தன. மூன்று நான்கு ஆண்டில் ஊர் திரும்புகிறவருக்கு அவை வரம், பாடத்திட்டம் அறுபடாது. நீண்டகாலம் இருக்கிறவருக்கு வட்டாரப் பொதுப் பள்ளி நல்லது. வெளிநாட்டுக் குழந்தைக்கு அது கட்டாயம் இல்லை என்பதால் நீயே போய்க் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்டால் கல்விக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே ஆறு வயதுப் பிள்ளை மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு பெற்றோர் துணையில்லாமல் நடந்து போகும். உனக்கு முதல் மாதம் வயிற்றைப் பிசையும். பள்ளிக்குப் போகும் வழியில் நீ ஒருமுறை நட; எந்தக் கடைக்காரர், எந்தக் கிழவர் குழந்தைகளுக்காக நின்று பார்க்கிறார் என்று கவனி. அப்படி நாலு பேர் நிற்கிற வழி இருந்தால் வீடு சின்னதாக இருந்தாலும் எடுத்துவிடு.

பிள்ளை ஜப்பானியம் பேசத் தொடங்கிவிட்டால் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடாதே. ஆசிரியருக்குப் பயந்து நிறுத்தியவர்கள் இப்போது தாத்தா பாட்டியோடு பிள்ளைகளைப் பேசவைக்க மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

12. குடிபோய் 14 நாளுக்குள் வசிப்பு அட்டையை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட வேண்டும், அது சட்டம். பதிவு முடிந்தது என்று உடனே எழுந்து வந்துவிடாதே. வெள்ள வரைபடத்தையும் குப்பை அட்டவணையையும் ஆங்கிலத்தில் கேள். உன் தெருவுக்கு அடைக்கலம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேள். மாலையில் தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிசை கேட்கும்; அது பேரிடர் அறிவிப்புக் கருவியைச் சோதிப்பதற்கு. அந்த ஒலிபெருக்கியில் வேறு ஏதாவது சொன்னால் எந்த வார்த்தைக்கு ஓட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள். கட்டணமில்லாத ஜப்பானிய வகுப்பு எந்தக் கிழமை என்று உன் துணைக்காகக் கேள். கவுன்டரில் இருப்பவர் அவசரப்படுத்தமாட்டார், பின்னால் வரிசை இருந்தாலும். மதியம் பன்னிரண்டுக்குப் போகாதே. காலையில் கதவு திறந்ததும் போய்விடு.